தனியே வாசித்தால் நன்றாக இருக்கிறது, குழுவோடு வாசித்தால் காணோம்: பேஸை மாற்றலாமா?

#1 · ஒற்றைச்சுருள்

எல்லாருக்கும் வணக்கம். என் கையில் இருப்பது ஜாஸ் பேஸ் வகை பேஸ் கிட்டார். நான்கு கம்பி, பாஸிவ் (பாட்டரி இல்லாதது), இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அசைவைப் பிடிக்கும் காந்தச் சுருள்). ரவுண்ட்வவுண்ட் (மேலே உருண்டை இழை சுற்றிய) கம்பி மாற்றி அதிக நாள் ஆகவில்லை. வீட்டில் சின்ன ஆம்ப்பில் வாசித்தால் கேட்கச் சுகமாக இருக்கிறது. கீழே நல்ல கனம், மேலே நல்ல பளபளப்பு. இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்து, ஆம்ப்பில் லோவும் (அடி ஒலி) ட்ரெபிளும் (மேல் ஒலி) ஏற்றி, மிட்டை (நடு ஒலி) நன்றாகக் குறைத்து வைப்பேன்.

ரிகர்சலுக்குப் போனால் எல்லாம் போச்சு. இரண்டு கிட்டார், கீபோர்டு, ட்ரம்ஸ். நான் இருப்பதே தெரிவதில்லை. வால்யூமை ஏற்றினால் தரை அதிர்கிறது, நோட்டு கேட்பதில்லை. "நீ வாசிக்கிறது காலுக்குத் தெரியுது, காதுக்குத் தெரியல" என்கிறார் ட்ரம்மர்.

இதைக் கொடுத்துவிட்டு ப்ரிசிஷன் (ஒரே பிக்கப் உள்ள பேஸ்) வகைக்குப் போகலாமா? இல்லை, ஒரு ப்ரீஆம்ப் பெடல் (ஆம்ப்புக்கு முன்னால் ஒலியைத் திருத்தும் பெட்டி) வாங்கினால் போதுமா? கம்பியில் ஏதாவது இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 · கட்டைவிரல்

எதையும் விற்காதீர்கள், எதையும் வாங்காதீர்கள். மிட்டைக் குறைத்து வைத்திருக்கிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குழுவுக்குள் பேஸ் கேட்கிற இடமே அதுதான். அந்த நாபை நடுவுக்குக் கொண்டுவந்து ஒரு ரிகர்சல் வாசித்துவிட்டு வாருங்கள். மிச்சத்தை அப்புறம் பேசுவோம்.

#3 · தாழ்சுருதி

கட்டைவிரல் சொன்னது சரி. ஆனால் காரணம் தெரியாமல் நாபைத் திருப்பினால் அடுத்த ஹாலில் மறுபடி இதே கதைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடி ஒலிகள் மந்தமாகத்தான் கேட்கும். 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து போட்ட வளைகோடுகள் காட்டுவது இதைத்தான். வீட்டில் மெதுவாக வைத்து வாசிக்கும்போது லோவையும் ட்ரெபிளையும் ஏற்றத் தோன்றுவது காதின் அந்தக் குறைக்கு ஈடுகட்டத்தான். அதே செட்டிங்கோடு ஆம்ப்பைக் குழு அளவுக்கு ஏற்றும்போது காதின் குறை தானாகக் குறைந்துவிடும். நீங்கள் ஏற்றி வைத்த லோ அப்படியே நிற்கும். தரை அதிர்வது அதனால்தான்.

அடுத்து உங்கள் பேஸ். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் கம்பியின் இரண்டு வெவ்வேறு இடங்களைக் கேட்கின்றன. இரண்டையும் முழுதாகத் திறந்தால் நடுப்பகுதியில் சில ஹார்மோனிக்குகள் (அடி நோட்டின் மேல் எழும் மடங்கு அதிர்வுகள்) ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். நடு ஏற்கெனவே குழிந்த ஒலி அது. ஸ்லாப்புக்கு (கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிப்பது) அழகு. அதன் மேல் ஆம்ப்பிலும் மிட்டைக் குறைத்தால் குழிக்குள் குழி.

மூன்றாவதைப் பலரும் யோசிப்பதில்லை. திறந்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு 41.2 ஹெர்ட்ஸ். எல்லாரும் கும்பிடுகிற அந்த எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் ஆம்பெக் பெட்டிகூட அந்த 41-ஐ முழு பலத்தோடு தராது. இருந்தும் அதில் வாசிக்கும் ஈ எல்லாருக்கும் ஈ-யாகத்தான் கேட்கிறது. 82, 124, 165 என்று மேலே அடுக்கியிருக்கும் ஹார்மோனிக்குகளைப் பிடித்து மூளை அடி நோட்டைத் தானே கட்டிக்கொள்கிறது. கேட்பவருக்கு நோட்டு தெரிய வேண்டுமானால் அந்த ஹார்மோனிக்குகள் அவர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும். அடியை மட்டும் ஏற்றினால் கிக் ட்ரம்முடன் போட்டி போடுவீர்கள், அதில் கிக்தான் ஜெயிக்கும்.

செய்து பாருங்கள்: லோவை நடுவுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். மிட் எந்த அதிர்வெண் என்று தேர்வு செய்யும் வசதி ஆம்ப்பில் இருந்தால் 500-இலிருந்து 800 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்து ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்தவர் பேசுவது போல இருக்கும். வீட்டில் இருந்தபடி அதைத் தீர்ப்பளிக்காதீர்கள்.

#4 · பிக்வாசி

ஈக்யூவுக்கு (லோ, மிட், ட்ரெபிள் திருத்துவது) முன்னால் ஒரு விஷயம். பிக் (விரலுக்குப் பதில் கம்பியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து வாசித்துப் பார்த்தீர்களா?

பேஸ் உலகத்தில் பிக் என்றாலே ஒரு இளக்காரம் இருக்கிறது. கிட்டார் வாசிக்கத் தெரியாதவன் பேஸுக்கு வந்தான் என்கிற மாதிரி. ஸ்டுடியோ பேஸ் கலைஞர் கேரல் கே 1960-களில் எத்தனை ரெக்கார்டிங்கில் வாசித்தார் என்று தேடிப் பாருங்கள். கையில் பிக், ப்ரிசிஷனில் ஃப்ளாட்வவுண்ட் (தட்டை இழை சுற்றிய, வழவழப்பான) கம்பி, பிரிட்ஜ் (உடலில் கம்பி மாட்டும் இடம்) பக்கம் கம்பி மேல் ஒரு துண்டு ஃபெல்ட். ஒவ்வொரு நோட்டும் தொடங்கும் இடம் துல்லியமாகத் தெரியும், சின்ன ரேடியோவில் கேட்டால்கூடத் தெரியும். பீட்டில்ஸின் மெக்கார்ட்னியும் பெரும்பாலும் பிக்தான். யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்கொயர் ரிக்கன்பேக்கர் பேஸில் பிக் போட்டு வாசித்தபோது மற்ற கருவிகளுக்கு நடுவிலும் பேஸ் தனியாகக் கேட்டது.

பிக் போட்டால் அடி போய்விடும் என்பார்கள். மெல்லிய பிக்கை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்துச் சுரண்டினால் போகத்தான் செய்யும். 1 மி.மீ.க்கு மேல் தடித்த பிக், முனை கொஞ்சம் மழுங்கியது, நெக் பக்கமாக வாசித்துப் பாருங்கள்.

#5 · ஃப்ரெட்துறந்தவன்

பிக், ஈக்யூ எல்லாம் இருக்கட்டும். ஜாஸ் பேஸ் கையில் இருப்பவருக்கு எளிய வழி பிரிட்ஜ் பிக்கப். அதை முழுதாக வைத்துவிட்டு நெக் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்குங்கள். நாபை முழுதும் திருப்ப வேண்டாம், திறந்த நிலையிலிருந்து லேசாக நகர்ந்தாலே குழிந்திருந்த நடு மேலே வந்துவிடும். காதால் கேட்டு நிறுத்துங்கள்.

கையையும் அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். கம்பியை எங்கே தொடுகிறோம் என்பதைப் பொறுத்து எந்த ஹார்மோனிக் எழும், எது அடங்கும் என்பது மாறும். நெக் பக்கம் உருண்டு வரும், பிரிட்ஜ் பக்கம் இறுகி வரும். பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசித்தது 1962 ஜாஸ் பேஸ். ஃப்ரெட்டெல்லாம் (விரற்பலகையின் குறுக்குக் கம்பிகள்) பிடுங்கிவிட்டு, ரவுண்ட்வவுண்ட் கம்பி மரத்தைத் தின்னாமல் இருக்க விரற்பலகை மேல் எப்பாக்ஸி பூசிக்கொண்டார். அந்த முனகலில் பாதிக்கு மேல் பிரிட்ஜ் பிக்கப்பும் பிரிட்ஜ் அருகே இருந்த வலது கையும் செய்த வேலை. ஃப்ரெட்லெஸ் என்பது மிச்சம்தான். ஃப்ரெட்லெஸ் வாசிக்கிற நானே இதைச் சொல்கிறேன்.

உபரித் தகவல்: 1970-களில் ஃபெண்டர் அந்தப் பிக்கப்பை பிரிட்ஜ் பக்கம் சுமார் 1 செ.மீ. தள்ளிவிட்டது. 60-களின் ஜாஸ் பேஸ் தடித்து உறுமும், 70-களின் ஜாஸ் பேஸ் மெலிந்து கடிக்கும் என்பார்கள். அதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு செ.மீ.யில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தங்கள் வலது கையை ஒரு செ.மீ. நகர்த்தி வாசித்துக் கேளுங்கள்.

#6 · ஒற்றைச்சுருள்

நன்றி. தாழ்சுருதி அண்ணே, காது விஷயம் எனக்குப் புதிது. ஒரு சந்தேகம்: ஒரு பிக்கப்பை இறக்கினால் ஹம் (மின் இரைச்சல்) வருகிறது. இரண்டும் சமமாக இருந்தால் இல்லை. அதனால்தான் இரண்டையும் முழுதாகவே வைத்துப் பழகிவிட்டேன்.

#7 · ஃப்ரெட்துறந்தவன்

அது கோளாறு இல்லை. இரண்டு பிக்கப்பின் சுற்றும் காந்தமும் எதிரெதிராக இருக்கும். சமமாகத் திறந்தால் ஹம் மட்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்றை லேசாக இறக்கினால் கொஞ்சம் ஹம் வரும், முழுதும் மூடினால் நிறைய வரும். குழு வாசிக்கும்போது அந்த லேசான ஹம் யாருக்கும் கேட்காது. ரெக்கார்டிங் என்றால் திசை மாறி நின்று பாருங்கள், அறையில் டிம்மர் விளக்கு இருந்தால் அணையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், சிங்கிள் காயில் அளவிலேயே ஹம் வராத பிக்கப்புகள் கிடைக்கின்றன.

#8 · பிபக்தன்

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். கேட்ட கேள்வி ப்ரிசிஷனுக்கு மாறலாமா என்பது. மாறலாம் என்பது என் பதில்.

1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்தார். 1957-இல் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, ஹம்மையும் ஒழித்தார். அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை, மாற வேண்டிய அவசியமும் வரவில்லை. ஒரே இடத்தில் ஒரே பிக்கப். ஜாஸ் பேஸ் மாதிரி இரண்டு இடத்து ஒலி மோதிக்கொண்டு நடு காணாமல் போகும் பேச்சே இல்லை. ஒரு வால்யூம், ஒரு டோன், பிளக்கைச் செருகினால் குழுவுக்குள் போய் உட்கார்ந்துவிடும். இருட்டில் நாப் தேட வேண்டாம், ஈக்யூ பாடம் படிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிளந்த பிக்கப்பில் ஈ, ஏ கம்பிகளுக்கான பாதி நெக் பக்கம் தள்ளியிருக்கும். அதனால் கீழே ஒரு சதைப்பற்று. சில கம்பெனிகள் அதைத் திருப்பிப் போட்டு, ஈ, ஏ பாதியை பிரிட்ஜ் பக்கம் வைப்பார்கள். அடி இறுக்கமாக வரும் என்பார்கள். வரும்தான், ஆனால் எனக்கு அது ப்ரிசிஷனாகத் தோன்றாது.

மோட்டவுன் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது என்ன? ப்ரிசிஷன். சோல் இசையின் டக் டன்? ப்ரிசிஷன். அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ்? அதுவும் ப்ரிசிஷன். மூன்று பேரின் ஒலியும் ஒரே மாதிரி கிடையாது, கருவி ஒன்று.

#9 · கட்டைவிரல்

நண்பரே, உங்கள் வாதத்தை நீங்களே உடைத்துவிட்டீர்கள். ஒரே கருவியில் மூன்று பேருக்கு மூன்று ஒலி வருகிறது என்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? விரலில். பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரிடம் எந்தப் பேஸைக் கொடுத்தாலும் மார்கஸ் மில்லர்தான் கேட்பார்.

#10 · தாழ்சுருதி

இந்த "எல்லாம் விரலில்தான்" என்பதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

எல்லாம் விரல்தான் என்றால் மார்கஸ் மில்லர் 1977 ஜாஸ் பேஸில் கருவி செய்யும் சடாவ்ஸ்கியிடம் ப்ரீஆம்ப் போட்டுக்கொண்டு அதையே வைத்துப் பெயர் வாங்கியிருக்க வேண்டியதில்லை. யார் வாசிக்கிறார் என்பதை விரல் காட்டிக்கொடுக்கும். அவர் என்ன வாசிப்பார் என்பதில் கருவிக்குப் பங்கு உண்டு.

பேஸ் கலைஞர் பீனோ பல்லடீனோவைப் பாருங்கள். 1980-களில் ஃப்ரெட்லெஸ் ஸ்டிங்ரே பேஸ், கூடவே ஆக்டேவ் பெடல். பாடகரின் குரலுக்கு மேலேயே ஏறி நின்று ஒரு வரி பாடிவிட்டு இறங்குவார். பின்னாளில் அதே ஆள் ப்ரிசிஷனில் தடித்த ஃப்ளாட்வவுண்ட் போட்டு, நோட்டு நீளாமல் அடக்கி, ட்ரம்முக்குப் பின்னால் சாய்ந்தபடி வாசித்தார். விரல் ஒன்றுதான். ஆனால் நீளாத கம்பியில் நீண்ட வாக்கியம் யோசிக்கத் தோன்றாது, நழுவும் விரற்பலகையில் நழுவாமல் இருக்க முடியாது. கருவி கையை அப்படித்தான் பழக்குகிறது.

ஆக, ஒற்றைச்சுருள், ப்ரிசிஷன் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். குழுவில் கேட்கவில்லை என்பதற்காக வாங்காதீர்கள். இப்போதைய செட்டிங்கை அப்படியே வைத்தால் ப்ரிசிஷனும் கேட்காது. லோ ஏற்றி மிட் குறைத்த ப்ரிசிஷன் என்பது இடி. ப்ரீஆம்ப் பெடலும் அப்படித்தான். ஆம்ப் இல்லாத மேடையில் நேரே மிக்ஸருக்குப் போகிறவருக்கு அது வரப்பிரசாதம். ஆம்ப்பில் ஒழுங்கான மிட் நாப் இருக்கும்போது அதன் அவசரம் இல்லை.

#11 · பிபக்தன்

நான் சொன்னதும் அதுவேதான், நீங்கள் நீளமாகச் சொல்கிறீர்கள். சரி, உடல் மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? ஆல்டரா ஆஷா என்பதில் நிச்சயம் வித்தியாசம் இருக்கிறது.

#12 · கட்டைவிரல்

வேண்டாம். இந்த இழையை மரத்தில் கட்டித் தொங்கவிடாதீர்கள். பிக்கப்புக்குக் கம்பியின் அசைவுதான் தெரியும். மரம் அந்த அசைவை எவ்வளவு மாற்றுகிறது என்று சண்டை போட ஏற்கெனவே ஒரு இழை இருக்கிறது, அங்கே போவோம்.

#13 · நான்காம்விரல்

கம்பியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள். என் கணக்கில் ஒரு பேஸின் குரலை ஆகக் குறைந்த செலவில் ஆக அதிகம் மாற்றுவது கம்பிதான், பிக்கப் இல்லை.

ரவுண்ட்வவுண்ட் பேஸ் கம்பி பெரிதாகப் பரவியது 1960-களின் பிற்பகுதியில். பியானோ மாதிரி ஒலிக்க வேண்டும் என்று தி ஹூ குழுவின் ஜான் என்ட்விஸில் 1966-இல் கம்பி செய்யும் ரோட்டோசவுண்டிடம் போய் உட்கார்ந்தது தெரிந்த கதை. அதற்கு முன்னால் பெரும்பாலானவர்கள் ஃப்ளாட். ஜேமர்சன் போட்டது லா பெல்லா கம்பி, தடிப்பு 0.052-இலிருந்து 0.110 அங்குலம் வரை. இன்று சாதாரணமாகப் போடும் 0.045-0.105 செட்டைவிடக் கணிசமாகத் தடிப்பு. ஆக்‌ஷனும் (கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி) உயரம். கம்பி அறுந்தால்தான் மாற்றுவார். பிரிட்ஜ் மூடிக்குள் ஃபோம். வாசித்தது ஒற்றை ஆள்காட்டி விரலால்.

ஆனால் ஃப்ளாட் என்றால் மங்கல், பழைய பாட்டு, மெதுவான பாட்டு என்று நினைக்க வேண்டாம். ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பதும் ஃப்ளாட்வவுண்ட்தான். அந்தக் குதிரைப் பாய்ச்சலும் ஃப்ரெட்டில் மோதும் சடசடப்பும் ஃப்ளாட்டில் வருவது. அவர் கம்பியை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பார், அடியும் பலம். புதிய ஃப்ளாட்டுக்கும் பழைய ஃப்ளாட்டுக்கும் இடையில் அவ்வளவு தூரம்.

உங்கள் பிரச்சினைக்கு வந்தால், புத்தம்புது ரவுண்ட்வவுண்டின் மினுமினுப்பு இருக்கும் இடமும் சிம்பல், கிட்டார் இருக்கும் இடமும் ஒன்று. வீட்டில் அது அழகாகக் கேட்கும். குழுவில் அது சிம்பலுக்குள் கரைந்துவிடும். கொஞ்சம் வாசித்துப் பழகிய ரவுண்ட்வவுண்ட்தான் எனக்குப் பிடித்தது. பளபளப்பு இறங்கி நடு மட்டும் நிற்கும் அந்தச் சில வாரங்கள். அதற்கு அப்புறம் ட்யூனிங் மேலே போகப் போகப் பிசகத் தொடங்கும், அப்போது தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

#14 · பிக்வாசி

பழைய ரவுண்ட்வவுண்டைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் அழுக்கு போய்க் கொஞ்ச நாள் பளபளப்பு திரும்பும். ஆனால் கம்பி தளர்ந்தது தளர்ந்ததுதான். ட்யூனிங் பிசகுக்கு அது மருந்து இல்லை.

#15 · ஒற்றைச்சுருள்

ரிகர்சல் முடிந்தது. விவரம் சொல்கிறேன்.

லோவை நடுவுக்குக் கீழே இறக்கினேன். மிட் 600 பக்கம் வைத்து ஏற்றினேன். பிரிட்ஜ் பிக்கப் முழுசு, நெக் பிக்கப் லேசாகக் குறைவு. ஆரம்பிக்கும் முன் தனியாக வாசித்துப் பார்த்தபோது நன்றாகவே இல்லை. கிட்டார்காரர் "ஆம்ப்ல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். பாட்டு ஆரம்பித்ததும் நோட்டு நோட்டாகக் கேட்டது. முன்பைவிட வால்யூம் குறைத்துத்தான் வைத்திருந்தேன். போனை அறையின் எதிர் மூலையில் வைத்துப் பதிவு செய்தேன், அதிலும் பேஸ் லைன் தெளிவு.

ஆனால் கேட்கக் கூடாததும் கேட்கிறது. பதிவில் ஒரு இடம்: ஏ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் சி-யிலிருந்து டி கம்பிக்குத் தாவுகிறேன். டி கம்பியில் புது நோட்டு வந்த பிறகும் அடியில் ஏ கம்பி லேசாக முனகிக்கொண்டே இருக்கிறது, அடுத்த பார் வரைக்கும். விரல் கம்பியில் உரசும் சத்தம், ஃப்ரெட்டில் கம்பி இடிக்கும் சத்தம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. இதற்கு ட்ரெபிளைக் குறைப்பதா?

#16 · தாழ்சுருதி

குறைக்காதீர்கள், குறைத்தால் பழைய இடத்துக்கே போவீர்கள். உரசல் சத்தம் ரொம்ப உறுத்தினால் பேஸில் இருக்கும் டோன் நாபைக் கொஞ்சம் இறக்குங்கள், போதும். மற்றது மியூட் செய்யும் வேலை. இரண்டு கையும் செய்ய வேண்டியது.

வலது கை: கட்டைவிரலைப் பிக்கப் மேலேயே நிறுத்தி வைக்காதீர்கள். ஏ கம்பி வாசிக்கும்போது ஈ மேல், டி வாசிக்கும்போது ஏ மேல் சாய்ந்து ஈ-யையும் தொட்டபடி இருக்கட்டும். மேலே ஏற ஏற கட்டைவிரலும் பின்னாலேயே வர வேண்டும். நீங்கள் சொன்ன அந்த முனகல் இதிலேயே நின்றுவிடும். விரல் கம்பியைத் தாண்டிய பிறகு காற்றில் நிற்காமல் அடுத்த கம்பியில் வந்து இளைப்பாறட்டும், அதுவும் ஒரு மியூட்.

இடது கை: நோட்டை முடிக்க விரலை ஃப்ரெட்டிலிருந்து தூக்கினால் போதும், கம்பியிலிருந்து எடுக்கக் கூடாது. விரல் கம்பி மேலேயே கிடக்க வேண்டும். ஒற்றை விரல் லேசாகத் தொட்டால் சில இடங்களில் ஹார்மோனிக் கீச்சிடும். இரண்டு மூன்று விரலாகப் படுக்க வையுங்கள். டவர் ஆஃப் பவர் குழுவின் ரோக்கோ பிரெஸ்டியா பதினாறாம் நோட்டுகளை வரிசையாக வாசித்தபோது ஒவ்வொன்றும் குட்டை குட்டையாக விழுந்தது இந்த இடது கையால்தான்.

நோட்டு எங்கே தொடங்குகிறது என்பதை எல்லாரும் பயிற்சி செய்வார்கள். எங்கே முடிகிறது என்பதைக் கவனிப்பவர் குறைவு. அடுத்த ரிகர்சலில் ஒரு பாட்டுக்கு மட்டும், ஸ்னேர் விழும் இடத்தில் உங்கள் நோட்டைச் சரியாக நிறுத்திப் பாருங்கள். ஸ்னேர் சத்தம் பெரிதானது போலத் தோன்றும். ட்ரம்மர் உங்களிடம் வந்து பேசுவார்.

#17 · ஃப்ரெட்துறந்தவன்

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. எல்லா நோட்டையும் அறுத்துப் போடுவது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது. ஃபோம் வை, மியூட் செய், குட்டையாக வாசி. இளையராஜா பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே ஓடும். பாடகர் ஒரு பக்கம், பேஸ் ஒரு பக்கம் என்று இரண்டு பேர் பாடுவது போல. அங்கே ஸ்னேருக்கு ஸ்னேர் நோட்டை அறுத்தால் வாக்கியம் சிதறிவிடும். எந்தப் பாட்டு என்று பார்த்து நீளத்தை முடிவு செய்யுங்கள்.

#18 · தாழ்சுருதி

ஒப்புக்கொள்கிறேன். ஒரு பாட்டுக்கு மட்டும் என்று எழுதியிருந்தேன், அதையும் பாருங்கள்.

#19 · பிக்வாசி

ஃப்ரெட்டில் கம்பி இடிக்கிறது என்றீர்களே, அது அனேகமாக வலது கையின் பலம். கேட்கவில்லை என்று ஓங்கி ஓங்கி அடித்துப் பழகியிருப்பீர்கள். பேஸ் கலைஞர் கேரி வில்லிஸ் சொல்லிக்கொண்டே இருப்பது: ஆம்ப்பை ஏற்று, கையை இறக்கு. மெதுவாகத் தொட்டால் நோட்டு நீளமாக நிற்கும், அழுத்தம் கொடுக்க இடமும் மிச்சம் இருக்கும். ஓங்கி அடித்தால் முதல் சத்தம் பெரிதாக வந்து உடனே சுருங்கும். அந்த அடிதான் வேண்டும் என்கிற பாட்டுக்கு அடியுங்கள். எப்போதும் அடித்தால் அதற்கு மேல் போக வழியில்லை, மணிக்கட்டும் கெடும்.

#20 · ஏழாம்ஃப்ரெட்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நோட்டு நீளம் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். என் பேஸில் ஜி கம்பியில் ஐந்தாவது, ஆறாவது ஃப்ரெட்டில் நோட்டு பொத்தென்று செத்துவிடுகிறது. மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது. கம்பி மாற்றியும் போகவில்லை. ஃப்ரெட் வேலை செய்ய வேண்டுமா?

#21 · நான்காம்விரல்

ஃப்ரெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது. டெட் ஸ்பாட். ஃபெண்டர் பாணி போல்ட்-ஆன் (உடலோடு திருகி மாட்டும்) நெக்குகளில் ஜி கம்பியில் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் வருவது ரொம்பச் சகஜம். நெக்குக்கும் ஹெட்ஸ்டாக்குக்கும் (நெக்கின் நுனியில் உள்ள தலைப்பகுதி) சேர்த்து ஒரு சொந்த அதிர்வு இருக்கும். நீங்கள் வாசிக்கும் நோட்டு அதோடு ஒத்துப்போனால் கம்பியின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்ளும், நோட்டு சீக்கிரம் சாகும். ஐந்தாவது ஃப்ரெட் சி என்றால் 131 ஹெர்ட்ஸ் பக்கம்.

சோதிக்க, ஹெட்ஸ்டாக்கில் ஒரு கிளாம்ப்பைக் கடிக்க வைத்து, அடியில் துணி வைத்து, அதே நோட்டை வாசியுங்கள். எடை கூடியதால் நெக்கின் அதிர்வு இறங்கி, செத்த இடம் வேறு ஃப்ரெட்டுக்கு நகரும். முழுதும் போகாது, நகரும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வந்து விழும்படி செய்ய முடிந்தால் அதிர்ஷ்டம். கிராஃபைட் நெக்கில், ஸ்டைன்பெர்கர் மாதிரி தலையே இல்லாத பேஸ்களில் இந்தத் தொல்லை குறைவு. வாசிக்கும்போது தப்பிக்க ஒரு வழி, அதே சி-யை டி கம்பியில் பத்தாவது ஃப்ரெட்டில் வாசிப்பது. குரல் கொஞ்சம் தடிக்கும், ஆனால் நோட்டு நிற்கும்.

#22 · ஏழாம்ஃப்ரெட்

கிளாம்ப் வைத்துப் பார்த்தேன், அப்படியே நடந்தது. இப்போது நாலாவது ஃப்ரெட்டில் சாகிறது. :)

#23 · கட்டைவிரல்

இதனால்தான் பேஸ் வாங்கப் போகும்போது ஜி கம்பியில் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசித்து நோட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்கச் சொல்வது. கலரைப் பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

#24 · ஒற்றைச்சுருள்

கட்டைவிரல் மியூட் பழகிக்கொண்டிருக்கிறேன், கை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை, ஆனால் முனகல் குறைந்துவிட்டது. பேஸை விற்கும் யோசனை இப்போதைக்கு இல்லை. ஃப்ளாட்வவுண்ட் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசை. 0.045-0.105 செட் கிடைத்தது. போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்? நெக் வளைந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். ஐந்து கம்பிக்குப் போகச் சொல்லியும் ஒருவர் நச்சரிக்கிறார்.

#25 · பிபக்தன்

ஐந்து கம்பி உங்கள் பாட்டில் ஈ-க்குக் கீழே நோட்டு வந்தால் வாங்குங்கள். பி என்பது 31 ஹெர்ட்ஸ், 41-ஐயே பெட்டி தராது என்று மேலே பேசினோம். கீழே போவதைவிட, திறந்த ஈ-யை பி கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் வாசிக்கலாம், கை நகராமல் நிறைய நோட்டு எட்டும் என்பதுதான் அதன் லாபம். மியூட் செய்ய இன்னொரு கம்பி கூடுதல். இப்போதுதானே நான்குக்குப் பழகுகிறீர்கள்.

#26 · நான்காம்விரல்

ஃப்ளாட் போடுவதற்கு:

பெரும்பாலான ஃப்ளாட்வவுண்ட் செட் அதே கேஜ் (தடிப்பு) ரவுண்ட்வவுண்டைவிட இழுவிசை கூடுதலாக இருக்கும். தாமஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட் மாதிரி தளர்வானவையும் உண்டு. நெக் கொஞ்சம் முன்னால் வளையும், முறியாது. கம்பி போட்டு ட்யூன் செய்து ஒரு நாள் விடுங்கள். அப்புறம் ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி பாருங்கள். 0.3 மி.மீ. சுற்றி இருந்தால் தொட வேண்டாம். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடைக் (நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டு) கால் சுற்று இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். ஒரேயடியாகத் திருப்பாதீர்கள்.

கம்பியை நீளம் குறைக்க வெட்டும் முன், வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் செங்குத்தாக மடித்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல் சுற்று பிரிந்து, கம்பி வாசிக்கும் முன்பே செத்துவிடும். உங்கள் பேஸில் உடலுக்குள் ஊடுருவிக் கம்பி மாட்டும் வசதி இருந்தால் ஃப்ளாட்டுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம், அவ்வளவு கூர்மையான வளைவை அது தாங்காது. பிரிட்ஜிலேயே மாட்டுங்கள். நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் சின்னக் கட்டை) பள்ளத்தில் கம்பி மேலேறி நின்றால் மட்டும் அரத்தைத் தேடுங்கள். இப்போது போட்டிருப்பதும் 0.105 செட் என்றால் அது பெரும்பாலும் தேவைப்படாது.

கழற்றும் ரவுண்ட்வவுண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சுருட்டி வையுங்கள். ஃப்ளாட் பிடிக்காமலும் போகலாம்.